அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டவிடாத அண்ணன்

பெர்லினுக்குப் படிக்க வருகிறவர்கள் யாரேனும் நொய்கோல்ன் பகுதியில் "தமிழ் மாணவர்களுக்கு முன்னுரிமை" என்ற அறை விளம்பரத்தைப் பார்த்திருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிவிட்டுத்தான் படித்தேன்.

2025 அக்டோபரில் எனக்கு வகுப்பு தொடக்கம். மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்து, காத்திருப்போர் பட்டியலில் எங்கோ கிடந்தேன். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தலைசாய்க்க இடமில்லை. அப்போதுதான் வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரத்தோடு ஒரு ஆள் வந்தார். மாதம் 480 யூரோ, ஹெர்மன்பிளாட்ஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், இரண்டு மாத அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய அப்பாவுக்கு இது சலுகையாகவே தெரிந்தது. முதல் மாத வாடகையும் சேர்த்து 1,440 யூரோ. அதை ஜெர்மனிக்கு அனுப்பினால் வங்கிக் கட்டணம் வீணாகும், ஊரில் என் மைத்துனன் கணக்கில் ரூபாயாகவே போட்டுவிடுங்கள் என்றார். எங்கள் பணத்தை மிச்சப்படுத்துகிறாரே என்று நெகிழ்ந்துபோனோம். ஒப்பந்தம் கேட்டதற்கு, "நமக்குள் எதற்குத் தம்பி காகிதம்? அண்ணன் இருக்கிறேன்" என்றார்.

அறை என்று படத்தில் காட்டியது கூடத்தில் திரைச்சீலை கட்டிய மூலை. மற்றொரு மாணவர் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் என் கட்டிலைச் சுற்றித்தான் போவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முதல் வாரம் யாருக்குத்தான் வசதியாக இருக்கிறது?

சிக்கல் தொடங்கியது அஞ்சல் பெட்டியில். ஜெர்மனியின் அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் கதவு எண் என்று ஒன்று கிடையாது. தெரு, கட்டட எண், அதற்குப் பிறகு பெட்டியில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயர், அவ்வளவுதான் விலாசம். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வந்த மறுநாளே நோட்டுத் தாளைக் கிழித்து, பெயர் எழுதி, செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மாலையில் காணவில்லை. மறுபடி ஒட்டினேன். மூன்றாம் நாள் காலையில், பசையின் கறையை அந்த அண்ணன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். "கட்டட நிர்வாகம் சத்தம் போடும் தம்பி" என்றார். வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இதற்குள் வங்கி அட்டை ஒரு உறையிலும் ரகசிய எண் இன்னொரு உறையிலுமாகக் கிளம்பி, இரண்டும் திரும்பிப் போயிருந்தன. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கி வைக்கும் கணக்கில், 11,904 யூரோ போட்டிருந்தோம், மாதம் 992 யூரோ கையில் கிடைக்கும். ஆனால் அது வந்து விழும் கணக்குக்கு அட்டை இல்லை. கொண்டுவந்த ரொக்கம் கரைந்துகொண்டிருந்தது.

அடுத்தது ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் இந்தப் பதிவுச் சான்று கேட்கிறார்கள். நாள்கணக்கில் காலையில் எழுந்து கணினி முன் உட்கார்ந்து ஒருவழியாக அலுவலகத்தில் நேரம் வாங்கிப் போனேன். அங்கிருந்த அம்மையார் கேட்டது ஒரே ஒரு தாள்: வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், ஆனால் விஷயம் எளிது. "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீடு கொடுத்தவர் போடும் கையெழுத்து. அண்ணனிடம் கேட்டேன். தனக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு முகவரிக்கு 150 யூரோவில் எழுதித் தருவார் என்றார். நல்லவேளை, வகுப்புத் தோழி ஒருத்தி தடுத்தாள். குடியிருக்காத முகவரியைப் பதிவுக்காகக் கொடுப்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். கொடுப்பவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை போகலாம்.

நான் நச்சரிக்கத் தொடங்கியதும் பாசம் வற்றிவிட்டது. உரிமையாளர் சோதனைக்கு வருகிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய் என்றார். வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அட்வான்ஸைக் கேட்டால் சுத்தம் செய்த கூலி, மெத்தைத் தேய்மானம் என்று ஒரு கணக்கு. கடைசியில் 200 யூரோவைக் கையில் திணித்தார். ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை, பணம் போனதோ ஊரில் இருக்கும் மைத்துனனுக்கு.

இங்கே அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணையே குடியேறும்போதுதான் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். இவற்றில் எதையும் நான் மனப்பாடம் செய்திருக்கத் தேவையில்லை. "முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவீர்களா, பெட்டியில் என் பெயர் இருக்குமா?" என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருந்தால் போதும், அவரே நழுவியிருப்பார்.

தோழியின் வீட்டுத் தரையில் ஒன்பது நாள் படுத்திருந்துவிட்டு இப்போது ஒழுங்கான அறையில் இருக்கிறேன். பெர்லின் காவல்துறையில் இணையவழியே புகார் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம். நேற்று வேறொரு குழுவில் அந்த விளம்பரம் மறுபடி வந்திருந்தது. அதே ஜன்னல், அதே திரைச்சீலை, மூலையில் நான் விட்டுவந்த நீல வாளிகூட இருக்கிறது. வாடகை மட்டும் 520 ஆகியிருக்கிறது.