குண்டு வத்தல் ஆன்லைனில் வாங்கப் போறீங்களா? 2,250 ரூபாய் போன கதையைக் கேளுங்க

ராமநாதபுரம் குண்டு மிளகாய் வத்தல் என்று சொல்லி என்னிடம் 2,250 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். வயிறு எரிகிறது, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

'விவசாயியிடமிருந்து நேரடியாக' என்று போட்டு விற்கிற ஆன்லைன் பக்கம் ஒன்று. வருஷத்துக் குழம்புத்தூளுக்கு 5 கிலோ தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் வத்தக்குழம்புத் தாளிப்புக்கும் குண்டுதான். எண்ணெயில் விழுந்ததும் உப்பிக்கொண்டு ஒரு வாசனை வரும் பாருங்கள், நீட்டு வத்தலில் அது வரவே வராது. 2023-ல் ராமநாதபுரம் குண்டுக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊர்ச் சரக்கு என்கிற அங்கீகாரம்) கிடைத்த பிறகு அந்தப் பேரை ஒட்டி விற்க ஆளுக்கா பஞ்சம்!

பேசிய பையன், "முதுகுளத்தூர் பக்கம் நம்ம சொந்தக் காடுக்கா, போன வாரம் பறிச்சுக் காயவச்ச புது வத்தல்" என்றான். களத்தில் செக்கச்செவேலென்று பரப்பியிருந்ததை வீடியோவாக அனுப்பினான். அதில் ஒரு கை அள்ளிக் குலுக்குகிறான், உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடுகிறது. அடுத்த நிமிஷம் ஜிபேயில் 2,250 போய்விட்டது.

பார்சல் வந்தது. அட்டைப்பெட்டிக்குள் இருந்த மூட்டையில் மேலாக ஒரு அடுக்குதான் நல்ல வத்தல். கீழே கையை விட்டால் சதசதவென்று ஈரம், பாதிக்கு மேல் வெளுத்துப்போன சண்டு, அதாவது கழிச்சுப்போடுகிற வத்தல். ஒன்றைப் பிட்டால் விதை கறுத்து, தோலின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பூசணம்!

போட்டோ அனுப்பினேன். "ரெண்டு நாள் வெயில்ல போடுங்கக்கா, சரியாயிடும்." பூசணம் வெயிலில் சரியாகுமா? அப்புறம் "கூரியர்ல நனைஞ்சிருக்கும்" என்றான், அட்டைப்பெட்டி காய்ந்துதான் கிடந்தது. அப்புறம் "ஓனர் ஊர்ல இல்லைக்கா." அதோடு நம்பரை பிளாக் பண்ணிவிட்டான்.

கமுதியில் இருக்கும் அத்தையிடம் சொன்னால் அவருக்கு என்னைவிடக் கோபம். "வானம் பார்த்து விதைக்கிற பயிர், புரட்டாசி ஐப்பசியில போட்டா மாசியிலதான் பழம் பறிப்போம். கார்த்திகையில ஏதுடி புது வத்தல்? போன வருஷத்துச் சரக்க உன் தலையில கட்டிட்டான்" என்றார்.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வீடியோவை நம்பாதீர்கள். முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி நாலைந்தைப் பிட்டுப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் வேண்டாம். பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்து அரைக்காதீர்கள், பூசணத்தால் வரும் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. பில் கேளுங்கள், எனக்கு அதுவும் தரவில்லை.

1915-க்கு அடித்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். 2,250 ரூபாய்ங்க, சும்மா விடுவேனா!