குலசேகரம் பக்கத்தில் ஃபைபர் இணைப்பு: வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மதிப்பீடு

சென்னை நிறுவனம் ஒன்றின் வேலையைக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்த எங்கள் வீட்டிலிருந்தே பார்த்து வருகிறேன். அதற்கு நம்பியிருப்பது, உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் ஒரு தனியார் ஃபைபர் இணைப்பை. வேகத்தில் குறையில்லை. 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் பதிவேற்றமும் பதிவிறக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் கிடைப்பதால், காணொலிக் கூட்டத்தின் நடுவிலும் பெரிய கோப்புகளை அனுப்ப முடிகிறது.

மழை தொடங்கிய பிறகுதான் சேவையின் தரம் தெரியும். இரண்டு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில், ரப்பர் தோட்டங்களின் ஊடே மின்கம்பங்களில் கட்டியே கேபிளைக் கொண்டு வருகிறார்கள் என்பதால், ஒரு கிளை முறிந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களோ அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவர்கள். அவர்களுடைய காலை 9 மணி, மார்ச் முதல் அக்டோபர் வரை நமக்கு மாலை 6.30. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியும் மழையும் வந்து சேரும் வேளை அது.

மின்தடையைச் சமாளிக்கலாம். இணைய நிறுவனத்தின் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், ஓர் இழையில் வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. நிலையத்தில் மின்சாரம் இருக்கும்வரை, 12 வோல்ட் மோடத்துக்கு ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தாலே போதும். ஆனால் மோடத்தில் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கினால், ஒளி வந்து சேரவில்லை, பெரும்பாலும் இழை எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது இணைய நிறுவனத்தின் புகார் மையத்தால் ஒரு பயனும் இல்லை. விரைவில் சரிசெய்யப்படும் என்று ஒரு குறுஞ்செய்தி வரும், பிறகு யாரும் வராமலேயே புகார் முடிக்கப்பட்டதாக இன்னொன்று வரும். கேபிள்காரரின் ஆள்தான் வருவார். கொட்டும் மழையில் ஒருவர் குடை பிடிக்க, தலைமுடி போன்ற அந்த இழையின் மேலுறையை உரித்து, துடைத்து, முனையைச் சீராக வெட்டி, ஸ்பிளைசிங் இயந்திரத்தில் வைத்து அவர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நாம் மாதந்தோறும் கட்டும் பணத்தில் உரிய பங்கு அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

சொந்த ஊரில், பெற்றோருடன், சென்னை வாடகைச் சுமையின்றி வாழ்வது பெரிய பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அலுவலகத்தில் இணையம் நின்றால் அதை நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. வீட்டில் நின்றாலோ விளக்கம் சொல்ல வேண்டியவர் ஊழியர்தான். ஊழியர் வீட்டில் இரண்டாவது இணைப்புக்கான செலவை நிறுவனங்களே ஏற்பதுதான் நியாயம்.

இந்தப் பகுதியில் புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் வேகத்தை விசாரிப்பதற்கு முன், ஸ்பிளைசிங் இயந்திரம் கேபிள்காரரிடமே இருக்கிறதா, மார்த்தாண்டத்திலிருந்து வர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.