நரிமேட்டு மாடியில் ஓர் ஓவிய வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

பிளஸ் ஒன் சேர்ந்த மாதத்திலேயே என் மகள் ஓவியம், வடிவமைப்பு போன்றவை படிக்கும் கலைக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். மதிப்பெண்ணும் குறையக் கூடாது, கையும் பழக வேண்டும் என்ற கவலையோடு, மதுரை நரிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் ஓவிய வகுப்பில் அவளைச் சேர்த்தோம். இரண்டு ஆண்டுகள் அனுப்பிய பிறகு இதை எழுதுகிறேன்.

எந்தப் படிப்புக்கு எது தேவை என்பதை மாஸ்டர் முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார். கட்டடக்கலைக்கான தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நேட்டா என்னும் கட்டடக்கலை நுழைவுத் தேர்வுக்கு 200 என மொத்தம் 400-க்குத் தரவரிசை போடுவதால், கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் பாடத்தை விட்டவருக்குப் பாதி போய்விடும். வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வில் 300-க்கு 100, வரைதலையும் வடிவமைப்புத் திறனையும் சோதிக்கும் பகுதிக்கு உரியது. அது ஜனவரியில் வருகிறது, அதன் பின்னாலேயே செய்முறைத் தேர்வும் மார்ச்சில் பொதுத்தேர்வும் வந்து நிற்கின்றன. வரைந்த ஓவியங்களைச் சேர்த்துவைக்கும் ஃபைல் கனமாக இருந்தால் எங்கும் இடம் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பயன்பட்டது.

வார நாள்களில் வகுப்பு கிடையாது. தினமும் அரை மணி நேரம் வீட்டிலேயே வரைந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கோ, கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ, விளாச்சேரிக்கோ அழைத்துப் போவார்கள். விளாச்சேரியில் பொம்மை செய்யும் ஒரு பெரியவர் அச்சில் களிமண்ணை அழுத்தும் கையை என் மகள் வரைந்தாள். கட்டைவிரல் இரண்டு முறை பிசகிவிட, அவள் ரப்பரை எடுத்தபோது மாஸ்டர், "அழிக்காதம்மா, பக்கத்துலயே இன்னொருக்கா போடு" என்றார். மூன்று கட்டைவிரல்களும் ஒரே தாளில், மூலையில் தேதியோடு, இன்றும் அவள் ஃபைலில் இருக்கின்றன. புகைப்படத்தைப் பார்த்து வரைந்த நடிகர் முகங்களை அவர் ஃபைலில் சேர்க்கவே விடவில்லை. பிள்ளை எப்படிப் பார்த்துப் பழகியிருக்கிறாள் என்பது அதில் தெரியாது என்பது அவர் கருத்து, என் கருத்தும் அதுவே.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பிளஸ் டூ டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஃபைலுக்கென்று பத்துப் பெரிய ஓவியங்களைப் புதிதாகக் கேட்டார்கள். அவள் இரவு ஒரு மணி வரை வண்ணம் தீட்டினாள். இயற்பியலில் மதிப்பெண் சட்டென்று சரிந்தது. நான் நேரில் போய்ப் பேசிய பிறகே அதை நான்காகக் குறைத்தார்கள். நாம் கேட்காமல் அவர்களே குறைத்திருக்க வேண்டும்.

தாள், சார்கோல், வண்ணம் எல்லாம் கட்டணத்தில் சேராது. தனியே வாங்க வேண்டும். பிளஸ் ஒன் ஜூனிலேயே சேர்ப்பது நல்லது. பிளஸ் டூவில் சேர்க்க நினைப்பவர்கள், அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில் எத்தனை ஓவியம் கேட்பீர்கள் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.