சரக்கு விமான வேலைக்கு "உள்ளே ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால்: 4,200 டாலர் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. போனது 4,200 டாலர். எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் அமெரிக்காவில் ஒரு சின்ன பிராந்திய ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. 76 சீட் ஜெட். இங்கே என்னைப் போன்றவர்களில் பாதிப் பேருக்கு இருக்கிற ஆசைதான் எனக்கும்: மெம்ஃபிஸில் ஃபெடெக்ஸ், இல்லையென்றால் லூயிவில்லில் யூபிஎஸ். ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும், ஆனால் பின்னால் இருப்பது பெட்டிகள்தான், ஏன் லேட் என்று கேட்காது.

காலம் சரியில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2023-இல் ஃபெடெக்ஸ் ஆள் எடுப்பதை நிறுத்தி, தன்னிடம் இருந்த விமானிகளிடமே பிராந்திய ஏர்லைன் பக்கம் போகிறீர்களா என்று கேட்கும் நிலைக்கு வந்தது. அதே வருஷம் யூபிஎஸ்ஸும் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வில் அனுப்பியது. இதெல்லாம் தெரிந்துதான் ஏமாந்தேன், அதுதான் எரிகிறது.

போன பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்றவர் "தம்பி எந்த ஊரு?" என்றார். லால்குடிப் பக்கம் என்றேன். "அட, நம்ம மாமியார் வீடு ஸ்ரீரங்கம்!" அவ்வளவுதான், அண்ணா ஆகிவிட்டார். எனக்கும் சேர்த்துக் காபி வாங்கிவந்தார், சர்க்கரை குறைவாக என்று நான் சொன்னதை ஞாபகம் வைத்து. விமானிகளுக்கு விண்ணப்பம் சரிபார்த்து, நேர்காணல் பயிற்சி கொடுக்கும் ஒரு ஆன்லைன் சேவையை நண்பர்களோடு நடத்துகிறாராம். அவர் சொன்ன கணக்கு நியாயமாகவும் இருந்தது: "2024 செப்டம்பரோட தபால் துறை ஒப்பந்தம் ஃபெடெக்ஸை விட்டு யூபிஎஸ்ஸுக்கு வந்துடுச்சுல்ல, அத்தனை சரக்கையும் யார் ஓட்டுவா? வாசல் திறக்கிறதுக்கு முன்னாடியே வரிசையில நிக்கணும் தம்பி." ஒப்பந்தம் கைமாறியது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் நம்பிவிட்டேன்.

முதலில் 1,500 டாலர், விண்ணப்பத்துக்கும் பயிற்சிக்கும். (ஏர்லைனில் நுழைய இங்கே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதே எண், ராசி என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.) அப்புறம் 2,700, உள்ளே பறக்கும் ஒரு கேப்டனின் பரிந்துரைக் கடிதத்துக்கு. "கார்டு வேண்டாம் தம்பி, கமிஷன் பிடிப்பான், ஜெல்ல போட்டுடுங்க." ஜெல் (Zelle) என்பது இங்கே பணம் அனுப்பும் வசதி, அதில் அனுப்பினால் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போய்விடும். போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தது ஒரு பிடிஎஃப். என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறியிருந்தன, போகட்டும், நம் பெயருக்கு இங்கே எப்போதும் நடப்பதுதான். மூன்றாம் பக்கத்தில் "உங்கள் ராணுவ ஹெலிகாப்டர் அனுபவத்தை முன்னால் கொண்டுவாருங்கள்" என்று இருந்தது. நான் ஹெலிகாப்டரில் பயணியாகக்கூட ஏறியதில்லை. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டால் முதலில் "டெம்ப்ளேட் தப்பு, நாளைக்கு வரும்". அப்புறம் "கேப்டன் ட்ரிப்ல இருக்கார்". ஒரு மாதமாகவா ட்ரிப்? கொஞ்சம் சத்தமாகக் கேட்டதும், "தம்பி டென்ஷன் ஆகாதீங்க, இந்தக் குணம் நேர்காணல்ல தெரிஞ்சிடும்." என் காசைத் திருப்பிக் கேட்டதற்கு எனக்கே குணம் சரியில்லை என்கிறார்! அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான். போன வாரம் அதுவும் இல்லை.

முந்தாநாள் லூயிவில் போகும் என் விமானத்தில் ஜம்ப்சீட்டில் (விமானி அறையில் இருக்கும் கூடுதல் இருக்கை) ஒரு சரக்கு விமானக் கேப்டன் வந்தார். பத்தாயிரம் அடி தாண்டும் வரை வேலைக்கு வெளியே பேச்சு கூடாது, அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, தாண்டியதும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே ஒரு மாதிரி இருந்தது. "என்னோடு பறந்தவனுக்கு, எனக்குத் தெரிந்தவனுக்கு எழுதுவேன். அதில் என் பெயரும் மாட்டியிருக்கிறது. விற்பவன் உள்ளே இருப்பவனாக இருக்க மாட்டான்," என்றார். பிறகு, எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார். 4,200 என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வங்கியில் கேட்டாயிற்று. நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், நாளை காலை 4:50-க்கு ரிப்போர்ட், முடியவில்லை. அதனால் சட்டென்று: பரிந்துரைக் கடிதத்துக்குக் காசு கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஜெல் வேண்டவே வேண்டாம், கார்டு என்றால் சண்டை போடவாவது வழி இருக்கும். சென்னையில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பையன்களிடமும் இதே ஆள் அமெரிக்க விசாவோடு வேலை என்று பேசுகிறாராம். தம்பிகளா, அந்தப் பெரிய கம்பெனிகள் இங்கே வேலை செய்ய ஏற்கெனவே உரிமை இருப்பவர்களைத்தான் கேட்கின்றன, தங்கள் வகை விமானத்தை ஓட்டப் பழக்குவதையும் வேலைக்கு எடுத்த பிறகு தங்கள் செலவில், சம்பளம் கொடுத்தே செய்கின்றன. டைப் ரேட்டிங்குக்கு (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) பணம் கட்டச் சொன்னால் ஓடுங்கள். நேர்காணல் பயிற்சி தருபவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் திட்டவில்லை.

4,200 டாலர் அம்மாவை இங்கே கூட்டிவர டிக்கெட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வைத்திருந்தது. ஜூனில் வருகிறேன் என்று புடவையெல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். லால்குடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து போய்ச் சொல்லிவிடாதீர்கள், நானே சொல்லிக்கொள்கிறேன்.