ஒரு செய்தித் தளத்தின் வாசகர் கருத்துப் பகுதி: சந்தாதாரர் ஒருவரின் மதிப்புரை

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டச் செய்திகளுக்காகவே நான் ஆண்டுச் சந்தா செலுத்தி வாசிக்கும் இணையச் செய்தித் தளம் ஒன்று உண்டு. அதன் செய்தியாளர்களின் உழைப்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நூல் விலை, மஞ்சள் ஏலம், பவானிசாகர் நீர்மட்டம் என்று இப்பகுதி மக்களின் பிழைப்போடு ஒட்டிய செய்திகளை இத்தனை விடாமல் தருபவர்கள் குறைவு. இந்த மதிப்புரை, அச்செய்திகளுக்குக் கீழே அத்தளம் திறந்து வைத்திருக்கும் வாசகர் கருத்துப் பகுதியைப் பற்றியது. சந்தாவோடு கிடைக்கும் வசதிகளுள் ஒன்றாக அதையும் குறிப்பிட்டிருப்பதால், அதைத் தனியே எடைபோடுவது முறையே.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றில் கிடைக்கும் உபரிநீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி, மூன்று மாவட்டங்களிலும் உள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுசேர்க்க வேண்டியது. எந்தக் குட்டைக்குத் தண்ணீர் வந்தது, எங்கே குழாய் உடைந்தது என்பதை அந்தந்த ஊர்க்காரர்தான் முதலில் அறிவார். அத்தனை இடங்களுக்கும் செய்தியாளர் நேரில் போய்ப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே வாசகர் கருத்து எங்கேனும் பயன்படும் என்றால், இத்தகைய செய்தியின் அடியில்தான் பயன்பட வேண்டும்.

அங்கே நான் கண்டது வேறு. அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தம் ஊர்க் குட்டைக்கு வரும் கிளைக்குழாயில் தண்ணீர் எட்டிப்பார்க்கவே இல்லை என்று ஊர்ப்பெயரோடு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதியவர்கள் அவர் எந்தக் கட்சிக்காரர் என்று விசாரித்தார்கள். அடுத்து வந்தவர்கள் அவருடைய பெயரை வைத்துச் சாதியை ஊகித்தார்கள். திட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்ற சண்டை அதன்மேல் ஏறி நின்றது. விருப்பக்குறியும் பதிலும் மிகுதியாகப் பெற்ற கருத்தே முதலில் தெரியுமாறு தளம் அமைக்கப்பட்டிருப்பதால், வசை மேலே ஏற, அந்த விவசாயியின் நான்கு வரிகள் அடியில் போய்ச் சேர்ந்தன. நீர்வளத் துறைப் பொறியாளர் எவரேனும் அப்பக்கத்தைத் திறந்திருந்தாலும் அவர் கண்ணில் அது பட்டிருக்காது. இதை வாசகர்களின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எது மேலே வர வேண்டும் என்பதைத் தீர்மானித்தது தளம்தான்.

சாதி மறுப்புத் திருமணச் செய்திகளின் கீழ் நிலைமை இன்னும் மோசம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் நடந்த கொலையைக் கண்ட மண் இது. அப்படியிருந்தும், மணமக்களின் படத்துக்குக் கீழே மிரட்டலுக்கு ஒப்பான சொற்கள் நாள்கணக்கில் நிற்கின்றன. புகார்ப் பொத்தானை அழுத்தினால் ‘பெறப்பட்டது’ என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. செய்தியை எழுதியவர் பெண்ணாக இருந்தால் வசை அவர்மீதும் திரும்புகிறது. கார்டியன் நாளிதழ் தன் தளத்துக்கு வந்த 7 கோடி கருத்துகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டபோது, மிகுதியான வசைக்கு ஆளான 10 எழுத்தாளர்களில் 8 பேர் பெண்கள் என்று தெரியவந்தது. இங்கும் அதே போக்கைத்தான் பார்க்கிறேன்.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர் கூலி பாக்கியைப் பற்றியோ, நொய்யலில் இரவோடு இரவாகச் சாயக்கழிவு திறந்துவிடப்படுவதைப் பற்றியோ சொந்தப் பெயரில் எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. புனைபெயர் அவருக்குக் காப்பு. தேவைப்படுவது மட்டுறுத்தல்: வெளியிடும் முன் ஒரு மனிதர் படித்துப் பார்ப்பது. ஆசிரியருக்கு வரும் கடிதத்தை அச்சிதழ்கள் இன்றளவும் அப்படித்தான் படித்துத் தேர்ந்து வெளியிடுகின்றன.

ஆள் பற்றாக்குறை என்று தளத்தார் பதில் எழுதியிருந்தார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் எல்லாச் செய்திகளுக்கும் திறக்காமல், கவனித்துக்கொள்ள முடிந்த சிலவற்றுக்கு மட்டும் திறக்கட்டும். நியூயார்க் டைம்ஸ் போன்ற பெரிய நிறுவனமே தேர்ந்தெடுத்த கட்டுரைகளுக்குத்தான் கருத்துப் பகுதியைத் திறக்கிறது. நார்வேயின் அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளம் 2017-இல் வேறொரு வழியை முயன்றது: கட்டுரையிலிருந்து சில எளிய கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தவரே கருத்து எழுதலாம் என்றது. தலைப்பை மட்டும் பார்த்துப் பொங்கி எழுபவர்களை இங்கும் அது ஓரளவு தடுத்து நிறுத்தும். இவற்றுள் எதற்கும் வழியில்லை என்றால் மூடிவிடுவதே நேர்மை. ராய்ட்டர்ஸ் 2014-இலும், அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர். 2016-இலும் செய்திகளுக்குக் கீழிருந்த கருத்துப் பகுதியை மூடிவிட்டன.

செய்திக்காக இத்தளத்துக்குத் தாராளமாகச் சந்தா செலுத்தலாம், நானும் புதுப்பிக்கப்போகிறேன். கருத்துப் பகுதிக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்கூட மிகுதி. குட்டை, குழாய், சாயக்கழிவு என்று சொல்வதற்கு விஷயம் உள்ளவர்கள் அங்கே எழுத வேண்டாம். கட்டுரையின் முடிவில் செய்தியாளரின் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ஊர்ப்பெயர், தேதி, படம் மூன்றையும் சேர்த்து அதற்கு அனுப்பினால் பதில் வருகிறது.