அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: ஓய்வுக்கால வருமானத்துக்கு ஏற்றதா?

ஓய்வு பெறும்போது கைக்கு வரும் தொகையை எதில் போட்டு, எப்படி எடுத்துச் செலவழிப்பது என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இத்திட்டத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து. 2023 ஏப்ரலில் முதலீட்டு உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும், வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. அந்த வட்டியில் முழுத்தொகையையும் போட்டவருக்கு, அசலைத் தொடாமலேயே, காலாண்டுக்கு 61,500 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வந்துவிடுகிறது. வீட்டுச் செலவையும் மருந்துச் செலவையும் அதைக்கொண்டே திட்டமிடலாம். குறை என்றால், வட்டிக்கு வருமான வரி உண்டு. திட்டக் காலமான ஐந்தாண்டுகளும் அதே தொகைதான் வரும், விலைவாசியோ ஏறிக்கொண்டே போகும். ஆகவே சேமிப்பு முழுவதையும் இதில் முடக்காமல், ஒரு பகுதியைப் பரஸ்பர நிதியில் வளரவிட்டுப் பிற்காலத்தில் மாதாமாதம் எடுத்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். ஓராண்டு கடந்து இரண்டாண்டு முடியுமுன் கணக்கை மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிக்கப்படும் என்பதால், அவசரத் தேவைக்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள்.