ஆசிட் ஸ்லரியா, எஸ்.எல்.இ.எஸ். பேஸ்டா? குமரியில் சோப்புத் திரவம் செய்பவர்களுக்கு ஓர் அலசல்

குமரி மாவட்டத்தில் பாத்திரம் கழுவும் திரவமும் துணி அலக்கும் திரவமும் செய்து விற்கிற மகளிர் குழுக்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: ஆசிட் ஸ்லரி வாங்கணுமா, எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் வாங்கணுமா? இரண்டும் இந்தத் திரவங்களில் அழுக்கை எடுக்கும் மூலப்பொருள்கள் (எஸ்.எல்.இ.எஸ். என்பது சோடியம் லாரில் ஈத்தர் சல்ஃபேட்). இரண்டும் நுரைக்கும், இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ஆனால் பிறந்த இடமும் விலை ஏறும் காரணமும் கையில் நடந்துகொள்ளும் விதமும் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிக்கு ஸ்லரி போதும். பாத்திரத்துக்கு இரண்டையும் கலக்கணும். கடலோர உப்புக் கிணற்றுத் தண்ணீர் என்றால் பேஸ்டின் பங்கைக் கூட்டியே ஆகணும்.

ஸ்லரியின் தாய் மண்ணெண்ணெய். அதிலிருந்து பிரிக்கும் பாரஃபினைப் பென்சீனோடு இணைத்தால் 'லேப்' எனப்படும் லீனியர் ஆல்கைல் பென்சீன் கிடைக்கும். அதைச் சல்ஃபர் டிரையாக்சைடோடு வினைபுரிய வைத்தால் நம் கேனில் வரும் பழுப்பு நிறக் குழம்பு. உலகம் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் லேப் தயாரிக்கிறது. கிட்டத்தட்ட அத்தனையும் சலவைப் பொருளுக்கே போகிறது. இந்தியாவில் ரிலையன்ஸ், நிர்மா, இந்தியன் ஆயில், சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆகியவை இதைச் செய்கின்றன. அப்படியும் இறக்குமதி உண்டு. சீனா, ஈரான், கத்தார் சரக்கு மலிவாக வந்து குவிகிறதென்று 2017-ல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். ஆக நாகர்கோவிலில் கேன் விலை ஏறினால், காரணம் கச்சா எண்ணெயிலோ பென்சீனிலோ கப்பல் வரத்திலோ இருக்கும்.

பேஸ்டின் கதை வேறு. அதன் லாரில் ஆல்கஹால் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெயிலிருந்து வருகிறது, அதாவது இந்தோனேசியா, மலேசியா. அதோடு சேரும் எத்திலீன் ஆக்சைடு பெட்ரோலியத்திலிருந்து. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிற பொருள் இது. எண்ணெய்ப்பனைச் சந்தை ஆடினாலும் கச்சா எண்ணெய் ஆடினாலும் இதன் விலை ஆடும்.

விலையை ஒப்பிடும்போது ஒரு கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்லரியில் சரக்கு, அதாவது அழுக்கை எடுக்கும் பகுதி, சுமார் 96 சதவீதம் (90 சதவீத ரகமும் வரும், கேட்டு வாங்குங்கள்). பேஸ்டில் 70 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். கிலோ விலையை அந்தச் சதவீதத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால்தான் உண்மை விலை தெரியும். அப்படிப் பார்த்தால் ஸ்லரிதான் பெரும்பாலும் மலிவு.

மலிவுக்கு விலையாகக் கொடுப்பது கையை. ஸ்லரி கடும் அமிலம்; காஸ்டிக் சோடா சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவரணும். ஒரு கிலோ ஸ்லரிக்கு 120 முதல் 130 கிராம் காஸ்டிக் பிடிக்கும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடணும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறினபின் ஸ்லரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டணும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளில் 7-க்கும் 8-க்கும் நடுவே நின்றால் சரி. "எக்கா, கை எரியுதுல்லா" என்று பாத்திரம் கழுவுகிற பெண் சொன்னால் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் தாளைத்தான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எந்தக் குழுவும் ஸ்லரி கேனைத் திறக்கக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பேஸ்டில் இந்த ஆபத்து குறைவு. ஏற்கெனவே நடுநிலைக்கு வந்த பொருள், தோலுக்கும் ஸ்லரியைவிட மென்மை. கரையத்தான் நேரம் எடுக்கும்.

இனி தண்ணீர். மலையோரம் குலசேகரம் பக்கத்துக் கிணறு மென்மையான நீர், அங்கே ஸ்லரி அருமையாக வேலை செய்யும். கடலோர உப்புக் கிணறுகளில் வருவதுபோன்ற கடினநீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஸ்லரியைப் பிடித்துக்கொள்ளும், நுரை செத்துவிடும், பேஸ்ட் தாக்குப்பிடிக்கும். கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரவம் கெட்டியாக உப்பு போடுவோம். ஓர் அளவு தாண்டினால் அதே உப்பு திரவத்தைத் தண்ணியாக்கிவிடும். உப்புக் கிணற்று நீரிலேயே கலக்கினால் பாதி உப்பு முன்பே உள்ளே இருக்கிறது. அங்கே ஒரு லிட்டரைத் தனியே எடுத்து, சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுப் பார்த்த பிறகே முழு டிரம்முக்கும் போடுங்கள்.

"நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெயிலேயே செய்யலாமே" என்பார்கள். செய்யலாம், ஒரு கிலோ எண்ணெய்க்கு 183 கிராம் காஸ்டிக். அந்தச் சோப்பு கடல்நீரில்கூட நுரைக்கும். ஆனால் 2025-ல் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. குளியல் சோப்புக்கு அந்த விலை கட்டும், பாத்திரத்துக்குக் கட்டாது.

குளத்தை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. 1960-களின் நடுப்பகுதி வரை மேலை நாடுகளில் ஓடிய கிளைச்சங்கிலிச் சரக்கு (மூலக்கூறு கிளைவிட்ட பழைய ரகம்) மட்காமல் ஆறுகளில் நுரை மலையாய் நின்றது. அதனால்தான் கிளையில்லாத நேர்ச்சங்கிலி, அதாவது இன்றைய லேப் வகை, வந்தது. இன்றைய ஸ்லரி காற்றோட்டமுள்ள நீரில் விரைவாக மட்கும், காற்றில்லாத கருஞ்சேற்றில் மட்காமல் தங்கும். பேஸ்ட் சேற்றிலும் ஓரளவு சிதையும். சுசீந்திரம்-தேரூர் நீர்நிலையும் வேம்பனூரும் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. எந்தச் சரக்கானாலும் டிரம் கழுவிய தண்ணீரைக் குளத்துக்கோ ஓடைக்கோ விடாதீர்கள். மட்கும் சரக்கும் மட்குமுன் மீனின் செவுளைக் கெடுக்கும்.

பாத்திரத் திரவத்துக்கு நான் சொல்லும் தொடக்கக் கலவை இது: நடுநிலையாக்கிய ஸ்லரி இரண்டு பங்கு, பேஸ்ட் ஒரு பங்கு, இரண்டுமே சரக்குக் கணக்கில். கடலோரம் என்றால் சரிபாதி. பேஸ்ட் விலை திடீரென்று ஏறினால் மலையோரக் குழுக்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். கடலோரக் குழுக்கள் பாட்டில் விலையை ஏற்றுவதே நல்லது.